90 டாலர் ஃபுளூட் வாங்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு போகிறாள், பள்ளி பேண்டில் (வாத்தியக் குழுவில்) ஃபுளூட் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி சொன்ன கடையில் மாத வாடகை 30 டாலர். இணையத்தில் பெட்டி, துணி, வெள்ளைக் கையுறை எல்லாம் சேர்த்துப் புதுசே 90 டாலர்தான். 'மூணு மாச வாடகைக்குச் சொந்தமாவே வாங்கிடலாமே' என்கிறார் கணவர். எத்தனை நாள் வாசிப்பாள் என்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் வீட்டுக்காரரின் கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான். என் மகளுக்கு ஊதா நிறத்தில் ஒன்று வரவழைத்தேன். பார்க்க அழகு. இரண்டாம் மாதம், விரலால் அழுத்தும் சாவிகளில் ஒன்று வளைந்தது. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பித் தந்தார். உலோகம் மென்மையானது, நிமிர்த்தினால் முறியும், மாற்றுப் பாகமும் கிடைக்காது என்றார். அதைவிட வருத்தம், அந்த இரண்டு மாதமும் சத்தம் வராதது தன் தப்பு என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஃபுளூட்டில் சாவிகளுக்கு அடியில் இருக்கும் பேட் என்ற சின்ன மெத்தை, துளையை முழுசாக மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் காற்று கசியும், கீழ்ஸ்தாயி சுரங்கள் வரவே வராது. கைதேர்ந்தவர் அழுத்திப் பிடித்துச் சமாளித்துவிடுவார். பதினோரு வயதுக் குழந்தை என்ன செய்யும்? மலிவு ஃபுளூட்டைக் கற்றுக்கொள்பவர் கையில் கொடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை.

எத்தனை நாள் தொடர்வாள் என்று தெரியாததால்தான் வாடகை சரி என்கிறேன். கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கட்டும் வாடகை பிற்பாடு வாங்கும் விலையில் கழியுமா? பழுதுபார்ப்பு அந்த 30 டாலருக்குள் வருமா, தனிக் கட்டணமா? நடுவில் திருப்பிக் கொடுத்தால் அபராதம் உண்டா? திருட்டுக்கும் உடைப்புக்கும் காப்பீடு தனித்தனியாக இருக்கலாம், அதையும் பாருங்கள். வாடகையையே வருடக்கணக்கில் கட்டிக்கொண்டு போனால் ஃபுளூட்டின் விலையைத் தாண்டிவிடும். முதல் வருட முடிவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள்.

எதை எடுத்தாலும் சாவிகள் மூடியவையாக இருக்கட்டும். நடுவில் ஓட்டை போட்ட சாவிகள் பிற்பாடு பழகிக்கொள்ள வேண்டியவை. ஜி சுரத்துக்கான சாவி மற்றவற்றின் வரிசையை விட்டுச் சற்று விலகி, விரலுக்கு எட்டுகிற மாதிரி இருந்தால் சின்னக் கைக்குச் சுகம். கை எட்டாத சிறு பிள்ளைகளுக்கென்றே வளைந்த தலைப்பகுதியும் (ஊதும் துளை இருக்கும் துண்டு) உண்டு. ஆறாம் வகுப்புக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. பிராண்ட் பற்றி பேண்ட் டைரக்டரையே கேளுங்கள். யமாஹா, ஜெமைன்ஹார்ட், ஜூபிட்டர் என்று நாலைந்து பெயர் சொல்வார், அதில் எதுவானாலும் சரி.

கேள்வி: பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய ஃபுளூட் விற்கிறார். நல்ல பிராண்ட்தான். எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: நல்ல பிராண்ட் பழையது, மலிவுப் புதுசைவிட எத்தனையோ மேல். ஆனால் பேட்களைப் பாருங்கள். மேலே மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அது கிழிந்தோ பிரிந்தோ இருந்தால் மாற்ற வேண்டும், மொத்தமும் மாற்றுவது பெரிய செலவு. வெளியே கறுத்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், வெள்ளிப் பூச்சு கறுக்கத்தான் செய்யும்.

பெட்டியில் ஒரு குச்சி இருக்கும். துடைக்கத்தான் என்று நினைப்பார்கள், ஆனால் அதன் ஒரு முனையில் 17 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு கீறியிருக்கும். அந்த முனையைத் தலைப்பகுதிக்குள், மூடிய முனையை அடைத்திருக்கும் தக்கையில் முட்டும்வரை விடுங்கள். ஊதும் துளையின் நடுவில் கோடு தெரிய வேண்டும். தள்ளித் தெரிந்தால் யாரோ அந்த முனையின் மூடியைத் திருகி விளையாடியிருக்கிறார்கள், சுருதி சேராது. சரிசெய்யக்கூடியதுதான், பேரம் பேசவும் உதவும். கடைசியாக, வாசிக்கத் தெரிந்த ஒரு பெரிய வகுப்பு மாணவரைக் கூட்டிப்போய் மிகக் கீழே உள்ள சுரங்களை ஊதச் சொல்லுங்கள். மேலே கணீரென்று இருந்து கீழே வரும்போது காற்றாய்ப் போனால் கசிகிறது என்று அர்த்தம்.

கேள்வி: வாங்கி ஒரு வாரம் ஆகிறது. பையன் ஊதினால் தலை சுற்றுகிறது என்கிறான். ஃபுளூட்டை மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். ஊதும் காற்றில் ஒரு பங்கு துளைக்கு வெளியேதான் போகும். புதிதாக ஊதுபவர்கள் பலமாக ஊதுவார்கள், தலை சுற்றும். உட்கார்ந்து ஓய்வெடுக்கட்டும். ஒரு வாரம் தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கையில் கொடுங்கள். திறந்த முனையை உள்ளங்கையால் மூடி ஊதினால் ஒரு சத்தம், திறந்து ஊதினால் அதைவிட உயர்ந்த சத்தம். கண்ணாடி முன் நின்று இரண்டும் நிலையாக வரும்வரை நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

அப்புறம் சி சுரத்திலிருந்து டி சுரத்துக்குப் போகும்போது தடுமாறுவான். சி வாசிக்கையில் ஏறக்குறைய எல்லா விரலும் மேலே நிற்கும், ஃபுளூட் உருளப் பார்க்கும். டி-க்கு அத்தனையும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். எல்லாருக்கும் வரும் இடறல் இது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

வாசிக்கும் முன் ஜூஸ் வேண்டாம், சர்க்கரை ஒட்டினால் பேட் பிசுபிசுக்கும். வாசித்து முடித்ததும் உள்ளே துடைத்துவிட்டு, அந்த ஈரத்துணியைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். வெள்ளிப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் கிட்டேயே வரக்கூடாது.

கேள்வி: ஊரிலிருந்து மாமனார் மூங்கில் புல்லாங்குழல் அனுப்புகிறேன் என்கிறார். அதிலேயே பழகலாமா?

பதில்: அனுப்பட்டும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். குறுக்கே வைத்து உதட்டால் காற்றை ஒருமுகப்படுத்துவது இரண்டுக்கும் பொது. ஆனால் கர்நாடகக் குழலில் எட்டுத் துளையை விரலாலேயே மூடித் திறந்து கமகம் கொடுப்பார்கள். பேண்ட் ஃபுளூட்டின் சாவி அமைப்பு 1847-ல் தியோபால்ட் போம் என்ற ஜெர்மானியக் குழல் கலைஞர் வடிவமைத்த முறையிலிருந்து வந்தது, விரல் வைப்பு வேறு. பேண்ட் வகுப்புக்கு மூங்கில் குழலைக் கொண்டுபோக முடியாது. வீட்டில் ஊதட்டும்.