வேருக்கு எப்போது பயம் காட்டுவது?

கேள்வி: என் மகள் பயோடெக்னாலஜி முதுகலை படிக்கிறாள். அமுக்கரா வேரைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கிறாளாம். வேர் தளதளவென்று வளர்கிறது, மருந்துச் சத்து மட்டும் ஏறவில்லை என்று ஒரே புலம்பல். மண் இல்லாமல் வேர் எப்படி வளரும்? சத்தைக் கூட்ட வழி உண்டா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: இந்தப் புலம்பல் எனக்குப் பழக்கமானதுதான் அம்மா. கல்லூரி ஆய்வகத்தில் இதே குடுவைகளோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன் நான்.

மண் மட்டுமல்ல, செடியே வேண்டாம். அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் என்றொரு மண் பாக்டீரியா உண்டு. இலையைக் கீறி அதைத் தடவினால், தன் மரபணுவில் ஒரு துண்டை இலையின் செல்லுக்குள் நுழைத்துவிடும். சில வாரங்களில் கீறிய இடத்தில் வெள்ளை வெளேரென்று வேர் கிளம்பும். அதை நறுக்கி, ஆன்டிபயாடிக் கொடுத்து பாக்டீரியாவைத் தீர்த்துவிட்டு, சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த திரவத்தில் போட்டு இருட்டில் ஷேக்கரில் ஆட்ட வேண்டும். ஹார்மோன்கூடக் கேட்காது. நாளடைவில் குடுவை நிறைய இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடக்கும்.

சரி, சத்துக்கு வருவோம். அமுக்கராவின் மருந்துச் சத்தான வித்தனோலைடுகள் செடியின் தற்காப்புச் சரக்கு. குடுவைக்குள் பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பாடு வேறு. வேர் எதற்கு மெனக்கெடும்? நாம்தான் பொய்யாகப் பயம் காட்ட வேண்டும். அதற்குப் பெரும்பாலும் மெத்தில் ஜாஸ்மோனேட்டைத்தான் எடுப்போம். பூச்சி கடித்தால் செடி தனக்குள் அடித்துக்கொள்ளும் மணி அது. 1962இல் முதன்முதலில் பிச்சிப்பூ எண்ணெயிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார்கள். தலையில் வைக்கும் பூவிலிருந்து வந்த அபாயச் சங்கு! சாலிசிலிக் அமிலம், ஈஸ்ட் சாறு, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவையும் உண்டு.

எப்போது ஊற்றுவது என்பதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம். நான் முதல் தடவை ஐந்தாம் நாளே ஊற்றினேன். வேர் பழுப்பேறி, வளர்ச்சி அப்படியே நின்றுவிட்டது. கிராமுக்குக் கணக்குப் போட்டால் சத்து ஏறியிருந்தது; துள்ளினேன். அப்புறம் குடுவைக்குக் கணக்குப் போட்டேன். ஒன்றும் செய்யாத குடுவையே மேல்! வேரே கொஞ்சம்தானே இருந்தது. அடுத்த தடவை, வளர்ச்சி ஓய்கிற வரை காத்திருந்து, கடைசி சில நாட்களுக்கு மட்டும் கொடுத்தேன். அது பலித்தது.

மகளிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மெத்தில் ஜாஸ்மோனேட்டை எத்தனால் என்ற சாராயத்தில்தானே கரைக்கிறாள்? ஜாஸ்மோனேட் விடாமல் ஒப்பிட வைத்திருக்கும் குடுவையிலும் அதே அளவு எத்தனால் விடுகிறாளா? விடாவிட்டால் சத்து கூடியது ஜாஸ்மோனேட்டாலா, சாராயத்தாலா என்று வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

கேள்வி: வேர் தொட்டியிலேயே விளைந்தால் மூலிகை விவசாயி கதி?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: அமுக்கராவுக்கு இப்போதைக்குப் பயமில்லை. மத்தியப் பிரதேசத்து நீமச், மந்த்சௌர் பக்கம் அரை வருடத்தில் வேரைத் தோண்டிவிடுகிறார்கள். ஷேக்கருக்கும் ஏசிக்கும் கரண்ட் பில் கட்டி அந்த விலையோடு மோதுவது கஷ்டம். ஜின்செங் என்ற மூலிகையின் கதை வேறு. வயலில் அது தேற நாலைந்து வருடம் ஆகும். அதனால்தான் கொரியாவில் அதன் வேரைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து விற்கிறார்கள்.