தடம் மாறும் ரயில், இடம் மாறும் நெரிசல்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

வெளிநாட்டு நகரங்களில் ரயில்களுக்குக் கால அட்டவணை போடும் பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் போ பாசனில் குடியிருக்கிறேன். நகர ரயில்களின் வழித்தடத்தை மாற்றினால் பயணிகளுக்கு என்ன நேர்கிறது, நெரிசல் கூடுமா குறையுமா என்று மொரீசியஸ் தமிழன்பர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் தீவின் மெட்ரோ சுரங்கத்தில் ஓடுவதில்லை என்றாலும், நெரிசலின் கணக்கு மண்ணுக்கு மேலும் கீழும் ஒன்றுதான்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, என் தம்பி மகள் நியூயார்க்கில் படிக்கிறாள். அங்கே 2025 டிசம்பரில், ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட ரயில் தடங்களில் எஃப் தடத்தையும் எம் தடத்தையும் இடம் மாற்றி ஓட்டத் தொடங்கியதாக எழுதியிருந்தாள். புதிதாகச் சுரங்கம் எதுவும் தோண்டாமல், இருக்கும் இரண்டு தடங்களை மாற்றிப் போடுவதால் யாருக்கு என்ன பயன்?

நல்ல கேள்வி, சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அந்நகரின் இரு பகுதிகளான மான்ஹாட்டனையும் குயின்ஸையும் ஆற்றுக்கு அடியில் இணைக்கும் சுரங்கங்களில் 53ஆம் தெருச் சுரங்கமும் 63ஆம் தெருச் சுரங்கமும் முக்கியமானவை. வார நாட்களின் பகல் வேளையில் ஈ வண்டியும் எம் வண்டியும் 53ஆம் தெரு வழியாக வந்தன. எஃப் வண்டி 63ஆம் தெரு வழியாக, ஆற்றின் நடுவே உள்ள ரூஸ்வெல்ட் தீவைத் தொட்டுக்கொண்டு வந்தது. குயின்ஸுக்குள் நுழைந்தபின் ஈ, எஃப் இரண்டும் விரைவுத் தண்டவாளத்திலும், எம், ஆர் இரண்டும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் தண்டவாளத்திலும் ஓடுகின்றன. அதாவது ஒரே சுரங்கத்தில் ஒன்றாக வந்த ஈயும் எம்மும் வெளியே வந்ததும் பிரிய வேண்டும். ஈ போய் எஃப்போடு சேர வேண்டும். எம் போய் ஆரோடு சேர வேண்டும். பிரிவதில் பெரிய தொல்லை இல்லை, சேருவதில்தான் தொல்லை: ஒரு வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால், அதற்கு வழிவிட்டு மற்றொன்று சுரங்கத்துக்குள் காத்து நிற்கும், அதன் பின்னால் வருவது அதற்காகக் காத்து நிற்கும். மாற்றத்துக்குப் பிறகு விரைவு வண்டிகளான ஈயும் எஃப்பும் 53ஆம் தெரு வழியாகவே சேர்ந்து வருகின்றன. எம் 63ஆம் தெரு வழியாக வந்து ஆரோடு சேர்கிறது. குயின்ஸ் பக்கத்தில் வண்டிகள் பின்னிக்கொள்ளும் இடங்கள் குறைந்தன என்பதுதான் இதன் முழுப் பயன். ஒரு செங்கல்கூட வைக்காமல் கிடைத்த பயன் அது.

விலை என்ன என்று கேட்பீர்கள். எஃப் வண்டியின் நீளம் 600 அடி. எம் வண்டியின் நீளம் 480 அடி. எம் தடத்தின் மறுமுனையில், புரூக்ளின் பக்கத்துப் பழைய நடைமேடைகளில் 480 அடிக்கு மேல் இடம் கொள்ளாது என்பதால் அந்த வண்டியை நீட்ட முடியாது. ஆகவே ரூஸ்வெல்ட் தீவில் ஏறுகிறவருக்கு வார நாட்களில் வரும் ஒவ்வொரு வண்டியும் முன்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குட்டை. இரவிலும் வார இறுதியிலும் அதே மேடைக்குப் பழையபடி எஃப் வருகிறது. என்னைக் கேட்டால் இது செய்ய வேண்டிய மாற்றம்தான். ஆனால் ஆதாயம் லட்சக்கணக்கானோருக்கு ஆளுக்கு ஓரிரு நிமிடமாகச் சிதறிப் போகிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. இழப்பு ஒரே தீவின் ஒரே மேடையில் குவிகிறது, அங்கிருப்பவர் எல்லாரும் கவனிக்கிறார்கள். கூட்டம் போட்டு முழங்குவது எப்போதும் இரண்டாவது தரப்பாக இருப்பதில் வியப்பில்லை.

கியூர்பிப்பிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: சராசரியாக வண்டிகளில் இடம் இருக்கிறது என்று போக்குவரத்துத் துறையினர் எந்த நாட்டிலும் சொல்கிறார்கள். நான் ஏறும் வண்டியில் மட்டும் ஏன் இடம் இருப்பதில்லை?

நீங்கள் வண்டியை எண்ணுவதில்லை, வண்டிக்குள் நிற்கிறீர்கள், அதுதான் வேறுபாடு. இரண்டு வண்டிகளில் ஒன்றில் 300 பேரும் மற்றொன்றில் 100 பேரும் போனால், சராசரி 200. ஆனால் பயணம் செய்த 400 பேரில் 300 பேர் நெரிசலைத்தான் கண்டார்கள். காலியாகப் போன வண்டியைக் கண்டவர் 100 பேரே.

முந்திய வண்டி ஏன் நிரம்பி வழிகிறது, அடுத்தது ஏன் காற்றாடப் போகிறது என்பதற்கும் காரணம் உண்டு. சற்றே பிந்திய வண்டிக்கு மேடையில் கூடுதலானவர்கள் காத்திருப்பார்கள். அவர்கள் ஏறக் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்கும். அதனால் அது இன்னும் பிந்தும். அடுத்த நிலையத்தில் இன்னும் கூட்டம் சேரும். பின்னால் வருகிற வண்டியோ மிச்சமிருக்கும் சிலரை ஏற்றிக்கொண்டு முன்னதை எட்டிப் பிடித்துவிடும். தடமாற்றத்தைத் திட்டமிடுகிறவர் மணிக்கு எத்தனை வண்டி என்பதை மட்டும் பார்த்து, அவை சீரான இடைவெளியில் வருமா என்பதைப் பார்க்காவிட்டால், காகிதத்தில் இருக்கும் இடம் மேடையில் இருக்காது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு வெளிநாட்டு நகரத்தில், குளிர்காலக் காலை ஏழரை மணிக்கு எண்ணும் கருவியைக் கையில் கொடுத்து என்னை ஒரு நடைமேடையில் நிறுத்தினார்கள். மேடைக்கு இறங்கும் படிக்கட்டு மூன்றாவது பெட்டிக்கு நேராக இருந்தது. மூன்றாவது பெட்டியில் ஒருவருடைய பையின் வார் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டு, கதவு மூடி மூடித் திறந்தது. அந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒரு முதியவர் பக்கத்து இருக்கையில் செய்தித்தாளை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். தடமாற்றத்தால் வேறு ஒரு மேடைக்குக் கூட்டம் மாறும்போது படிக்கட்டும் மாறுகிறது, நெரியும் பெட்டியும் மாறுகிறது. அன்று முதல் எந்த வரைபடத்தைக் கண்டாலும் முதலில் படிக்கட்டு எங்கே என்றுதான் தேடுகிறேன்.

குவாட்ரே போர்னிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: நேராகப் போகும் வண்டியை நிறுத்திவிட்டு, நடுவில் இறங்கி மாறச் சொன்னால், ஐந்து நிமிடம்தானே கூடுகிறது? அதற்கு ஏன் இத்தனை எதிர்ப்பு?

கடிகாரத்தில் ஐந்து நிமிடம். கால்களுக்கு அப்படி இல்லை. உட்கார்ந்து போகும் ஒரு நிமிடத்தையும் மேடையில் நின்று காத்திருக்கும் ஒரு நிமிடத்தையும் மக்கள் ஒன்றாக மதிப்பதில்லை. காத்திருப்பை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்கிடுவதே திட்டமிடுவோர் வழக்கம். அதற்கு மேல், மாறி ஏறுவதற்கென்றே தனியாகச் சில நிமிடங்களை அபராதம்போலச் சேர்ப்பதும் உண்டு. பிடித்த இருக்கையை விடுவதும், குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு படியேறுவதும், அடுத்த வண்டி வருமா என்று பார்ப்பதும் அந்தக் கணக்கில் அடங்கியவை.

இலண்டனின் வட்டத் தடம் இதற்கு நல்ல சான்று. 1884இல் முழுமையடைந்த அந்த வட்டத்தில் வண்டிகள் செக்குமாடுபோலச் சுற்றிக்கொண்டே இருந்தன. முனை என்ற ஒன்று இல்லாததால், ஒரு முறை பிந்திய வண்டி நின்று தாமதத்தைக் கழித்துக்கொள்ள இடமே இல்லை. 2009 டிசம்பரில் எட்ஜ்வேர் ரோடு நிலையத்தில் வட்டத்தை வெட்டி, ஒரு முனையை ஹாமர்ஸ்மித் வரை நீட்டினார்கள். ஹாமர்ஸ்மித் கிளையில் இருந்தவர்களுக்கு வண்டிகள் ஏறத்தாழ இரட்டிப்பாயின. எட்ஜ்வேர் ரோட்டைக் கடந்து நேராகப் போய்க்கொண்டிருந்தவர்களோ அங்கே இறங்கி, எந்த மேடைக்கு எது வருகிறது என்று அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஒழுங்கு கூடியது, நேர்ப்பயணம் போனது. இரண்டும் உண்மை.

எபேனிலிருந்து ஒரு கணினிப் பணியாளர்: தடமாற்றம் பயணிகளுக்கு நன்மையாகவே முடிந்த நகரம் உண்டா?

உண்டு, வேடிக்கை என்னவென்றால், அது நன்மை செய்யக் கிளம்பிய மாற்றமே அல்ல. 2010இல் நியூயார்க்கில் பணத் தட்டுப்பாட்டால் வீ என்ற தடத்தையே ஒழித்தார்கள். அதன் வேலையைச் செய்ய, அதுவரை கீழ் மான்ஹாட்டனுக்குப் போய்க்கொண்டிருந்த எம் வண்டியை, பயணிகள் வண்டி ஓடாமல் பல்லாண்டு கிடந்த கிறிஸ்டி தெரு இணைப்பு வழியாக ஆறாம் அவென்யூவுக்குத் திருப்பினார்கள். வில்லியம்ஸ்பர்க், ரிட்ஜ்வுட் பகுதி மக்களுக்கு நகரின் நடுப்பகுதிக்கு நேர் வண்டி கிடைத்தது. அலுவலகங்கள் மிகுந்திருந்ததும் அங்கேதான். கீழ் மான்ஹாட்டனுக்குப் போகிறவர்கள் மாறி ஏற வேண்டியதாயிற்று, ஆனால் அவர்கள் தொகை குறைவு. முதலில் புதிய தடத்துக்கு வீ என்றே பெயரிட இருந்தார்கள். எம் என்ற எழுத்தோடு பழகிவிட்ட மக்கள் விடவில்லை. எழுத்து தங்கியது, பழுப்பு நிறம் மட்டும் ஆரஞ்சானது.

அதே நகரில் 2017 புத்தாண்டு அன்று இரண்டாம் அவென்யூவில் மூன்று புதிய நிலையங்களைத் திறந்து கியூ வண்டியை நீட்டியபோது, அருகிலுள்ள லெக்சிங்டன் அவென்யூத் தடத்தின் நெரிசல் சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. ஆனால் அது கட்டி எழுப்பிய தீர்வு. எம் வண்டியின் கதையோ இருந்ததைத் திருப்பிவிட்டே கிடைத்தது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

வக்வாவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பெட்டிகளைக் கூட்டினால் நெரிசல் தீர்ந்துவிடாதா?

நடைமேடை நீளம் இடம் கொடுத்தால் தீரும். ஹாங்காங்கில் 2022 மே மாதம் கிழக்கு ரயில் தடத்தைத் துறைமுகத்துக்கு அடியில் கொண்டுபோய் மறுகரையில் சேர்த்தபோது, புதிய நிலையங்களுக்கு ஏற்றவாறு 12 பெட்டி வண்டிகளை 9 பெட்டிகளாகக் குறைத்தார்கள். ஈடாக, புதிய சமிக்ஞை முறையால் வண்டிகளை நெருக்கி விட முடியும் என்பது திட்டம். மணிக்கு 15 வண்டி, வண்டிக்கு 12 பெட்டி என்றால் 180 பெட்டிகள். 9 பெட்டி வண்டிகளைக் கொண்டு அதே 180ஐ எட்ட மணிக்கு 20 வண்டி வேண்டும். எந்தத் தடமாற்ற அறிவிப்பைப் படித்தாலும் இந்தப் பெருக்கலை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அலுவலர்: மெட்ரோ தொடங்கிய நாட்களில் உட்கார்ந்து போர்ட் லூயி போனேன். இப்போது நின்றுகொண்டு போகிறேன். மக்கள் தொகை அப்படி ஒன்றும் பெருகவில்லையே?

ஐயா, நீங்கள் இழந்தது முதல் நிலையத்தின் சலுகை. 2020 ஜனவரியில் வணிக முறையில் ஓடத் தொடங்கியபோது மெட்ரோ போர்ட் லூயிக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே மட்டுமே ஓடியது. ரோஸ் ஹில்லில் ஒவ்வொரு வண்டியும் காலியாகப் புறப்பட்டது. 2021இல் குவாட்ரே போர்ன், 2022இல் பீனிக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் கியூர்பிப் என்று தடம் தெற்கே நீண்டது. 2023இல் எபேன் வழியாக ரெதுயிக்குக் கிளையும் வந்தது. இப்போது கியூர்பிப்பில் ஏறியவர் உட்கார்ந்திருக்கிறார், உங்கள் நிலையத்தில் கதவு திறக்கிறது. தடத்தை நீட்டுவதும் ஒருவகைத் தடமாற்றம்தான். நடுவில் ஏறுகிறவர்கள் எந்த ஊரிலும் இதை உணர்வார்கள்.

கிளை பற்றி ஒரு வார்த்தை. பொதுத் தடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை இரண்டு கிளைகளுக்குச் சரிபாதியாகப் பங்கிட்டால் ஒவ்வொரு கிளைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான். கிளையைத் தனி வண்டியாக ஓட்டினால் பொதுத் தடம் கெடாது, ஆனால் சந்தியில் எல்லாரும் இறங்கி மாற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. கூடுதல் வண்டிகள் வாங்குவது மட்டுமே உண்டு. நம் மெட்ரோவுக்கு ஸ்பெயினிலிருந்து வந்தவை 18 வண்டிகள்.

பீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர்: தைப்பூசக் காவடி நாளில் குவாட்ரே போர்னில் கூடும் கூட்டத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். அலுவலகக் கூட்டம் தினமும் அதே வேளையில், அதே அளவில் வரும். வழியறிந்து, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வரும். கோர் தெ கார்த் மலைக்கோவிலிலிருந்து திரும்பும் கூட்டமோ அபிஷேகம் முடிந்ததும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், பாட்டி முதல் பேரன் வரை, பால்குடமும் மயிற்பீலியுமாக வரும். அன்றைக்கு வண்டியைவிட மேடைதான் கவலை. நிலையத்துக்கு வெளியிலேயே வரிசையை நிறுத்தி, ஒரு வண்டிக்கு ஏற்ற அளவினரை மட்டும் உள்ளே விடுவது முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் சரியான முறை. எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நான் சொல்வது, பிரசாதம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள் என்பதே.

போர்ட் லூயியிலிருந்து ஒரு கடைக்காரர்: நாளை நம் பகுதியில் மெட்ரோவோ இணைப்புப் பேருந்தோ தடம் மாறினால், பயனுள்ள முறையில் எப்படி எழுதி முறையிடுவது?

"மிகவும் கஷ்டப்படுகிறோம்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். பத்து வேலை நாட்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: மேடைக்கு வந்த நேரம், ஏற முடியாமல் விட்ட வண்டிகளின் எண்ணிக்கை, ஏறிய வண்டி புறப்பட்ட நேரம், மாற வேண்டிய இடத்தில் காத்திருந்த நிமிடங்கள். பக்கத்துக் கடைக்காரர் இருவரையும் அவ்வாறே எழுதச் சொல்லுங்கள். பிறகு சராசரியைச் சொல்லாமல், மிக மோசமான இரண்டு நாட்களின் விவரத்தை முதல் பத்தியிலேயே வையுங்கள். கால அட்டவணை போடுகிறவன் அந்த இரண்டு நாட்களில் எந்த வண்டி எங்கே பிந்தியது என்று தன் பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் இருக்க மாட்டான். நானும் அப்படித்தான் பார்த்தேன்.