நாலு பேருக்கு எந்த ஏடிவி? ஒன்டாரியோ வந்திருக்கும் குலசேகரம் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: குலசேகரத்திலிருந்து கனடாவின் ஒன்டாரியோ வந்து எட்டு மாசம். வீட்டில் நீங்கள், மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள். கோடையில் எல்லாரும் காட்டுப்பாதையில் சுற்றவும், நவம்பரில் மான் வேட்டைக்குப் போகவும் ஒரே வண்டி போதுமா? பக்கத்து வீட்டுக்காரர் விற்கும் 850 சிசி ஏடிவியில் (பைக் மாதிரி கால் விரித்து உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கரக் காட்டுப்பாதை வண்டி) சீட்டு நீளமாக இருக்கிறது, மகளைப் பின்னால் உட்கார வைக்கலாமா?

மகளை வைக்கவே கூடாது. டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, பின்னால் அம்மா என்று பைக்கில் தக்கலை வரைக்கும் போய்ப் பழகிய கண்ணுக்கு அது இரண்டு பேர் சீட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்த நீளம் ஓட்டுகிறவர் உடம்பை நகர்த்துவதற்காக விட்டது. ஏற்றத்தில் முன்னால் நகர வேண்டும், இறக்கத்தில் பின்னால், பக்கச்சரிவில் மேட்டுப் பக்கம் சாய வேண்டும். பின்னால் ஒரு ஆள் இருந்தால் நகர இடமில்லை. ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போய் முன்சக்கரம் தூக்கும், 350 கிலோ வண்டி மல்லாந்து உங்கள் இருவர் மேலேயும் விழும். ஒற்றை ஆள் வண்டியின் மட்கார்டில் ‘பயணி கூடாது’ என்று ஸ்டிக்கரே ஒட்டியிருப்பார்கள், பாருங்கள்.

இரண்டு பேருக்கென்றே செய்த ஏடிவிகள் உண்டு. கேன்-ஆம் அவுட்லாண்டர் மேக்ஸ், போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் டூரிங் அந்த வகை. சக்கர இடைவெளி கூடுதல்; பின்னால் சாய்மானம், கைப்பிடி, கால்படி எல்லாம் இருக்கும். அதிலும் பின்னால் உட்காருகிறவருக்கு 12 வயது நிறைந்திருக்க வேண்டும். மகனுக்கும் கணக்கு உண்டு: 90 சிசிக்கு மேற்பட்ட பெரியவர் ஏடிவியை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஓட்டக் கூடாது என்று கம்பெனிகளே எழுதி வைத்திருக்கின்றன. அவன் உங்களை விட உயரம் என்றாலும் அதேதான்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு ஏடிவி சரிவராது. நாலு சீட்டு சைட்-பை-சைட் வாங்குங்கள். அது ஜீப் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி; ஸ்டியரிங், சீட் பெல்ட், மேலே இரும்புக் கூண்டு உள்ளது. கடைக்கு மகளைக் கூட்டிப்போய்ப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போதே இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும், கை கைப்பிடிக்கு எட்ட வேண்டும், பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளில் விழ வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் இந்த வருஷம் வேண்டாம். கூண்டு இருக்கிறதே என்று ஹெல்மெட்டை விட்டுவிடாதீர்கள், நாலு பேருக்கும் வேண்டும். வண்டி சாயும்போது யாரும் கையையோ காலையோ வெளியே ஊன்றக் கூடாது. பைக்கில் பழகிய நமக்கு அதுதான் முதலில் தோன்றும். கூண்டுக்கும் பாறைக்கும் நடுவில் எலும்பு நொறுங்குவது அப்படித்தான். வீட்டு வாசலிலேயே சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள்.

உங்கள் இரண்டு தேவைக்கும் நான் முதலில் பார்க்கச் சொல்வது ஹோண்டா பயனியர் 700-4. பின்சீட்டு இரண்டையும் மடக்கினால் அப்படியே சாமான் தொட்டி ஆகிவிடும்: ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள், நவம்பரில் மான். இன்னொரு காரணம், அதில் பல்சக்கர கியர். மற்ற பெரும்பாலான வண்டிகளில் ரப்பர் பெல்ட்தான் இழுக்கும். பெல்ட் வண்டி மோசம் என்று சொல்ல வரவில்லை, ஓட்ட இதமாக இருக்கும். ஆனால் சுமையோடு மெதுவாக ஏறும்போது ‘லோ’வில் போடாமல் ‘ஹை’யிலேயே முறுக்கினால் பெல்ட் வழுக்கிக் கருகும். கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர்கள் ஏற்றத்துக்கு முன்பே சின்ன கியர் போட்டுவிடுவார்களே, அதே பழக்கம் இங்கேயும் வேண்டும். தண்ணீரில் இறங்கிப் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. பெட்டியின் அடி மூடியைக் கழற்றி வடித்துவிட்டு, நியூட்ரலில் கொஞ்சம் முறுக்கினால் காய்ந்துவிடும்.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். இந்த வகை 60 இன்ச் பக்கம் வரும். சில பாதைகளில் 50 இன்ச்சுக்கு மேல் அனுமதி இல்லை. போக நினைக்கும் பாதையின் விதியைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். எடை 600 கிலோவுக்கு மேல், டிரெய்லர் தனி. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். பெரிய மினிவேன் பலவற்றுக்கு 3,500 பவுண்டு, அதாவது 1,590 கிலோ. சின்னக் காருக்கு இது ஆகாது. டிரெய்லரில் வண்டியை, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்குகிற மாதிரி நிறுத்திக் கட்டுங்கள். எடை பின்னால் போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டும்.

பழைய வண்டி என்றால் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ போயிருக்கிறது. அச்சு முனையிலுள்ள ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உள்ளே மணல் போயிருக்கும். ஆயில் குச்சியை உருவுங்கள். ஆயில் பால் கலந்த தேயிலை போல வெளுத்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள், மூடிக்கு உள்பக்கம் சேற்றுக்கோடு இருந்தால் அவ்வளவு ஆழத்தில் இறக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எஞ்சின் சூடாகும் முன்பே போய்ச் சேருங்கள், குளிரில் ஸ்டார்ட் ஆவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

வாங்கியதும் வின்ச் ஒன்று (சேற்றில் சிக்கிய வண்டியை வடம் சுருட்டி இழுக்கும் கருவி). வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்த மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும், இந்த வண்டிக்கு 3,500 முதல் 4,500 பவுண்டு. கம்பி வடத்தை விட நூல்வடம் நல்லது, அறுந்தால் வீச்சு குறைவு. மரத்தில் கட்ட அகலப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர்ச் செம்மண் வழுக்கும், ஆனால் அடியில் பிடிப்பு இருக்கும். இங்கே கறுப்புச் சேறு, மேலே புல் மூடிக் கிடக்கும், அச்சு வரை விழுங்கும். கம்பால் குத்திப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

வேட்டைக்கு வருகிறேன். மரச்சீனி விளையைக் காட்டுப்பன்றி உழுதாலும் 1972 வனவிலங்குச் சட்டத்தால் நாமாகச் சுட முடியாத ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள். இங்கே லைசென்ஸோடு செய்யலாம், விதிகள் கறார். துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு, அதன்பின் துப்பாக்கி லைசென்ஸ் (முதல்முறை என்றால் குறைந்தது 28 நாள் காத்திருப்பு), வேட்டைக் கல்வி வகுப்பு, அவுட்டோர்ஸ் கார்டு (வேட்டைக்கும் மீன்பிடிக்கும் ஒன்டாரியோ தரும் அட்டை), மான் லைசென்ஸ். தொடர்ந்து ஆறு மாசம் ஒன்டாரியோவில் குடியிருந்தவர்தான் உள்ளூர்வாசிக் கணக்கு. உங்களுக்கு அது ஆகிவிட்டது. வண்டியில் இருக்கும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, செருகிய மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) இருந்தாலும் நிரப்பியது என்றே கணக்கு. வண்டியிலிருந்து சுடுவதும் குற்றம். சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து காலையில் உதிக்க அரை மணி முன்பு வரை துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும்.

மானைத் தொட்டியில் தாழ்வாகக் கிடத்தி இரண்டு பட்டையால் கட்டுங்கள். திரும்பி வரும் வழியில் ஒரு தடவை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சைலன்சரைச் சுற்றிக் காய்ந்த புல் அடைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். புகைக்குழாய்ச் சூட்டில் அது பற்றிக்கொண்டால் வண்டி முழுதும் எரியும். சூடு ஆறியபின் குச்சியால் கிளறி எடுங்கள், கையை விடாதீர்கள்.