பன்றி முகம் கொண்ட விமானியின் அரசியல்

ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 1992ஆம் ஆண்டு அனிமேஷன் படமான 'போர்கோ ரோஸ்ஸோ' வெறும் விமானச் சாகசக் கதைதானா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே என் பதில். முசோலினி ஆட்சிக்கால இத்தாலியில், முதல் உலகப் போரில் தோழர்களை இழந்த விமானி மார்கோ, பாசிஸ்டாக இருப்பதைவிடப் பன்றியாக இருப்பதே மேல் என்று கூறி விமானப்படைக்குத் திரும்ப மறுக்கிறான். வங்கியில் நாட்டுப்பற்றுப் பத்திரம் வாங்கச் சொல்லும்போதும், அது மனிதர்களுக்குரிய வேலை என்று தட்டிக்கழிக்கிறான். அவனுடைய பன்றி முகத்தைப் படம் சாபம் என்று சொன்னாலும், எனக்கு அது குடியுரிமைத் துறப்பாகவே படுகிறது.

ஆண்கள் வேலை தேடி வெளியூர் போய்விட்ட மிலான் பட்டறையில் பாட்டிகள் உட்படப் பெண்களே மார்கோவின் விமானத்தைக் கட்டுகிறார்கள். வடிவமைப்பவளோ 17 வயது ஃபியோ. பொருளாதார மந்தத்தை இவ்வளவு கலகலப்பாகக் காட்டிய படங்கள் குறைவு. தயாரிப்புக் காலத்தில் கதை நடக்கும் அதே ஏட்ரியாட்டிக் கடற்கரையில் யூகோஸ்லாவியப் போர் மூண்டதும் படத்தின் தொனியைக் கனமாக்கியது.