கேஸ் மேனேஜ்மென்ட் விசாரணைக்கு என்ன தேதிகளோடு போவது?

கேள்வி: எங்கள் நிறுவனம் வாங்கிய இயந்திரங்கள் சொன்னபடி ஓடவில்லை. தயாரிப்பாளர், நிறுவிக் கொடுத்த ஒப்பந்தக்காரர், விற்பனை முகவர் ஆகிய மூவர் மீதும் வணிக நீதிமன்றத்தில் 4 கோடி ரூபாய்க்கு வழக்குப் போட்டிருக்கிறோம். எதிருரைகள் (அவர்களின் எழுத்துப் பதில்கள்) வந்துவிட்டன. "அடுத்து கேஸ் மேனேஜ்மென்ட் விசாரணை, தேதிகளை யோசித்து வையுங்கள்" என்கிறார் வக்கீல். 1,100 ஆவணங்கள், எங்கள் தரப்பில் மட்டும் 9 சாட்சிகள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் வக்கீல் இப்போதே இதைக் கேட்டது நல்லது. சாதாரண உரிமையியல் வழக்கில் வாய்தா மேல் வாய்தாவாகத் தேதி வந்துகொண்டே இருக்கும், அதில் கட்சிக்காரர் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. வணிக வழக்கு அப்படியல்ல. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 15-ஏ என்று ஒன்றைச் சேர்த்தது. அதன்படி எழுவினாக்களை, அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகளை, வனைந்து, சாட்சிகள் யார், அவர்கள் எழுத்தில் தரும் சாட்சியமான நிரூபண வாக்குமூலம் என்றைக்குள், குறுக்கு விசாரணை எந்தெந்த நாளில், எழுத்து வாதம் எப்போது, வாய் வாதம் எப்போது, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இந்த விசாரணையிலேயே முடிவாகும். முதல் கேஸ் மேனேஜ்மென்ட் விசாரணை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வாதங்கள் முடிய வேண்டும்.

அந்த 6 மாதத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மொத்தம் 26 வாரம். வாய் வாதத்துக்குக் கடைசி 2 வாரம் போகட்டும். எழுத்து வாதத்தை அதற்கு 4 வாரம் முன்பே தாக்கல் செய்ய வேண்டும், அதாவது 20-வது வாரம். உங்கள் சாட்சிகள் எல்லோருடைய நிரூபண வாக்குமூலங்களையும் ஒன்றாகத்தான் தாக்கல் செய்ய முடியும், அதற்கு 3 வாரமாவது வேண்டும். குறுக்கு விசாரணைக்கு மிஞ்சுவது 17 வாரம். மே மாத விடுமுறை நடுவில் விழுந்தால் 13. உங்கள் 9 பேர், எதிர்த்தரப்பு ஒவ்வொன்றிலும் 2 பேர் என்று வைத்தால் மொத்தம் 15 சாட்சிகள். உங்கள் சாட்சி ஒவ்வொருவரையும் மூன்று வக்கீல்கள் தனித்தனியாகக் குறுக்கு விசாரணை செய்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு இடிக்கிறது அல்லவா?

எனவே தேதிகளைப் பற்றி யோசிக்கும் முன் சாட்சிகளைக் குறைக்க வேண்டும். அதைச் செய்யும் இடம் ஆவணங்களை ஒப்புக்கொள்வதும் மறுப்பதுமான கட்டம். பலரும் இதைக் குமாஸ்தா வேலையாக நினைத்து அலட்சியம் செய்கிறார்கள். வழக்கின் பாதி நேரம் இங்கேதான் மிச்சமாகிறது அல்லது வீணாகிறது என்பது என் அனுபவம்.

நீங்கள் இப்போது நிற்பதும் இந்தக் கட்டத்தில்தான். எதிருரை தாக்கலான 30 நாளுக்குள் ஆவணங்களைப் பார்வையிட்டு முடிக்க வேண்டும், அது முடிந்து 15 நாளில் ஒப்புதல், மறுப்பு அறிக்கை தர வேண்டும். எல்லாத் தரப்பும் கொடுத்ததிலிருந்து 4 வாரத்துக்குள் முதல் கேஸ் மேனேஜ்மென்ட் விசாரணை. அறிக்கையில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஐந்து விஷயங்கள் சொல்லியாக வேண்டும்: உள்ளடக்கம் சரியா, ஆவணம் இருக்கிறதா, கையெழுத்திட்டது உண்மையா, அனுப்பியது அல்லது பெற்றது உண்மையா, யார் வசம் இருந்தது. உதாரணத்துக்கு, இயந்திரத்தை ஓட்டிக் காட்டிய நாளில் ஒப்பந்தக்காரரின் பொறியாளர் கையெழுத்திட்ட அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 'கையெழுத்து எங்களுடையதுதான், ஆனால் அதிலிருக்கும் உற்பத்தி அளவு தவறு' என்று அவர்கள் சொன்னால், கையெழுத்தை நிரூபிக்க ஒரு சாட்சியைக் கூப்பிட வேண்டியதில்லை. அளவைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒருவர் போதும். வெறுமனே 'மறுக்கிறோம்' என்று காரணமில்லாமல் எழுதினால் அது மறுப்பாகவே கருதப்படாது. இதே விதி உங்களுக்கும் பொருந்தும், ஆகவே எதிர்த்தரப்பு ஆவணங்களைக் கண்ணை மூடிக்கொண்டு மறுக்காதீர்கள்.

நான் நடத்திய ஒரு வழக்கில் 600-க்கும் மேற்பட்ட ஆவணங்களை இப்படி ஒரு அட்டவணையாகப் போட்டுப் பார்த்தோம். உண்மையில் தகராறு இருந்தது நாற்பது சொச்சத்தில்தான். சாட்சிகள் 8 பேரிலிருந்து 3 பேரானார்கள். உங்களுக்கும் 9 பேர் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இயந்திரத்தை அன்றாடம் இயக்கியவர், நஷ்டக் கணக்கு பார்த்தவர், ஒப்பந்தம் பேசியவர். இவர்களைத் தாண்டி ஒரு பெயரைச் சேர்ப்பதென்றால், எந்த எழுவினாவுக்காக என்று பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.

மின்னஞ்சல்கள் நிறைய இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணங்களோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்-எழுத்துக் குறியீடு) கேட்கிறார்கள், ஒரு பகுதியை நிபுணர் நிரப்பித் தர வேண்டும். அந்த ஆளை இப்போதே பிடித்து வையுங்கள். வழக்குரையோடு கொடுக்காத ஆவணம் ஏதாவது தாமதமாகக் கிடைத்திருந்தால், காரணத்தோடு அனுமதி மனுவைத் தேதிகள் முடிவாகும் முன்பே போடச் சொல்லுங்கள். மூவரில் ஒருவருக்கு உண்மையான எதிர்வாதமே இல்லை என்று தோன்றினால் சுருக்கத் தீர்ப்பு, அதாவது வாய்மொழிச் சாட்சியம் பதிவு செய்யாமலே தீர்ப்பு, கேட்கலாம். அதையும் எழுவினா வனையும் முன்பே கேட்க வேண்டும்.

அப்புறம், சாட்சியத்தைப் பதிவு செய்ய வக்கீல் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்பது பற்றியும் பேசுங்கள். மூன்று பிரதிவாதிகள் இருக்கும் வழக்கில் நான் பெரும்பாலும் அதைத்தான் கேட்பேன். நீதிமன்றத்தில் அன்றைய மற்ற வழக்குகளுக்காகச் சாட்சி காத்திருக்க வேண்டியதில்லை, தொடர்ந்து மூன்று நாள் உட்கார்ந்து ஒருவரை முடித்துவிடலாம். செலவு கொஞ்சம் ஆகும்.

தேதியைத் தவறவிட்டால் செலவுத்தொகை கட்டுவதோடு முடிந்துவிடும் என்று நம்பியிருக்காதீர்கள். வாக்குமூலம் தாக்கல் செய்யும் உரிமை, குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, வாதாடும் உரிமை இவற்றையே நீதிமன்றம் மூடிவிடலாம். வேண்டுமென்றே திரும்பத் திரும்பத் தவறினால், செலவுத்தொகை போதாது என்று பட்டால், வாதியின் வழக்கையே தள்ளுபடி செய்யவும் அதிகாரம் உண்டு. வக்கீல் வரவில்லை என்பதற்காக மட்டும் கேஸ் மேனேஜ்மென்ட் விசாரணையைத் தள்ளிவைக்க மாட்டார்கள். முன்கூட்டியே மனு போட்டால் செலவுத்தொகையோடு வேறு தேதி கிடைக்கலாம்.

சரி, இந்த வாரம் செய்ய வேண்டியது: பட்டியலில் மிஞ்சும் சாட்சிகளையெல்லாம் அழைத்து, அடுத்த 7 மாதத்தில் யார் எப்போது ஊரில் இருக்க மாட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணம், பிரசவம், வேலை மாற்றம், ஓய்வு என எதையும் விடாதீர்கள். அந்தத் தாளை வக்கீலிடம் கொடுத்துவிட்டு, ஆவண அட்டவணையோடு உட்காருங்கள்.