தீவனத்தில் புரதப் பொடி கலந்தால் வெள்ளைப்புள்ளி நிற்குமா?

கேள்வி: வன்னாமெய் இறால் வளர்க்கிறேன். வெள்ளைப்புள்ளி நோயால் இரண்டு முறை குளமே காலியானது. இப்போது 'மறுசேர்க்கை நோய் எதிர்ப்புப் புரதம்' என்று ஒரு பொடியைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முதலில் அது எந்தப் புரதம் என்று கேளுங்கள். இந்தப் பேச்சில் இரண்டு வகை அடிபடுகிறது. ஒன்று, இறால் தன் உடம்பிலேயே சுரக்கும் கிருமிக்கொல்லிப் புரதம்: பெனெய்டின், கிரஸ்டின், ஏஎல்எஃப் போன்றவை. அதன் மரபணுவை ஈகோலை பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ புகுத்தி நிறைய உற்பத்தி செய்கிறார்கள்; இதைத்தான் மறுசேர்க்கை என்கிறார்கள். இன்னொன்று, வெள்ளைப்புள்ளி வைரஸின் மேலுறையில் இருக்கும் விபி28 என்ற புரதம். இதைத் தடுப்பூசி என்று சொல்லி விற்றால் கொஞ்சம் யோசியுங்கள். இறாலுக்கு நம்மைப் போல எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகாது.

அறிவியல் பொய்யில்லை. ஏஎல்எஃப் புரதத்தை வைரஸோடு கலந்துவைத்து ஊசி போட்டால், ஆய்வகத்தில் தொற்று குறைகிறது. ஆனால் லட்சக்கணக்கான இறாலுக்கு யார் ஊசி போடுவது? தீவனத்தில்தான் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்: புரதம்தானே, இறால் அதையும் செரித்துவிடும். செரிமானத்தைத் தாண்ட என்ன ஏற்பாடு என்று விற்பவரிடம் கேளுங்கள். புரதத்தை உற்பத்தி செய்த பாக்டீரியாவைக் கொன்று, புரதத்தை அதற்குள்ளேயே விட்டுக் கொடுப்பது ஒரு வழி. 2004இல் வெளியான ஆய்வில் புலி இறாலுக்கு விபி28ஐ இப்படி 7 நாள் ஊட்டினார்கள். ஊட்டி முடித்த முதல் வாரம் நல்ல பாதுகாப்பு. 21ஆம் நாளில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதாவது ஒருமுறை கொடுத்தால் அறுவடைவரை தாங்காது.

அப்புறம், சோதனை முடிவைக் காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். ஈகோலையின் செல்சுவர்ப் பொருளே இறாலின் எதிர்ப்பைக் கொஞ்சம் தூண்டிவிடும். எனவே புரதம் இல்லாத அதே பாக்டீரியாவை ஊட்டிய இறாலோடு ஒப்பிட்டார்களா, உயிருள்ள வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்களா? வெறும் தீவனத்தோடு மட்டும் ஒப்பிட்ட கணக்கை நான் பெரிதாக எடுக்க மாட்டேன்.

வாங்குவதாக இருந்தால் ஒரு குளத்தில் மட்டும் போட்டு, அதே நாளில் அதே குஞ்சு விட்ட இன்னொரு குளத்தோடு ஒப்பிடுங்கள். தீவனத்தை வேகவைக்கும்போது சேர்த்தால் சூட்டில் புரதம் கெட்டுப்போகலாம். ஆறிய குருணையின்மேல் பசையோடு பூசி நிழலில் உலர்த்துங்கள். நோய் வந்த பிறகு தொடங்கிப் பயனில்லை. வெள்ளைப்புள்ளி கண்ட இறால் தீனியே எடுக்காது, 3 முதல் 10 நாளுக்குள் குளமே முடிந்துவிடும். அதனால் பொடி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குஞ்சில் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் பரிசோதனை, நண்டு நுழையாத வேலி, வடிகட்டிய நீர் மூன்றையும் விடாதீர்கள்.