சர்வரை ரேக்கில் ஏற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆபீஸுக்குப் புது 42 யூ ரேக் (சர்வர்களை அடுக்கி மாட்டும் சட்டம்; யூ என்பது அதன் உயர அளவு) வந்திருக்கிறது. 2 யூ சர்வர் மூன்று, யு.பி.எஸ். ஒன்று, நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று. வேலை பார்க்க வசதியாக சர்வர்களை நடுவில் மாட்டலாமா?

பதில்: வேண்டாம். எடை அதிகமுள்ள யு.பி.எஸ். அடியில், அதற்கு மேல் சர்வர்கள், ஸ்விட்ச் உச்சியில். ரேக் சும்மா நிற்கும்போது கெட்டியாகத்தான் தெரியும். சர்வரை ரெயிலில் (டிராயர் போல நகரும் பக்கச் சட்டம்) வெளியே இழுக்கும்போதுதான் வினை. இருபத்தைந்து, முப்பது கிலோ ரேக்கின் காலைத் தாண்டி முன்னால் தொங்கும். கீழே கனம் இல்லாவிட்டால் ரேக்கே உங்கள் மேல் சாயும். அதனால் சர்வர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே லெவலிங் கால்களைத் தரையில் இறக்கிவிடுங்கள். எடை சக்கரத்தில் நிற்கக்கூடாது. ரேக் சாயாமல் தாங்கும் முன்பக்க ஸ்டெபிலைசர் காலை மாட்டுங்கள், முடிந்தால் தரையோடு போல்ட் போடுங்கள். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு சர்வரைத்தான் வெளியே இழுக்க வேண்டும். "ஒரு நிமிஷம்தானே" என்று இரண்டாவதையும் இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆபீஸில் ஐ.டி.க்கு நான் ஒருவன்தான். தனியாகத் தூக்கிவிடலாமா?

பதில்: தம்பி, கணக்குப் பிரிவிலிருந்தாவது ஒருவரைக் கூப்பிடு. அவர் வரும்வரை பவர் சப்ளைகளையும் டிஸ்க்குகளையும் கழற்றி எடையைக் குறைத்து வை. எந்த டிஸ்க் எந்த ஸ்லாட் என்று எண் ஒட்டிவிட்டுக் கழற்று. தூக்கும்போது பெட்டியின் அடியைப் பிடிக்க வேண்டும், பவர் சப்ளையின் கைப்பிடியை அல்ல. தோளுக்கு மேலே போகிற சர்வர் என்றால் இரண்டு பேரும் போதாது, சர்வர் லிஃப்ட் வேண்டும்.

கேள்வி: ரெயிலை மாட்டிவிட்டேன். சர்வர் ஒரு பக்கம் நுழைகிறது, மறுபக்கம் இடிக்கிறது.

பதில்: ஒரு ரெயில் ஓர் ஓட்டை தள்ளிப் போயிருக்கும். 1 யூ என்பது 44.45 மி.மீ., அதற்கு மூன்று ஓட்டைகள். ஓட்டைகளின் இடைவெளி ஒரே சீராக இருக்காது. இரண்டு ஓட்டைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்கும். அதை வைத்து முன்னும் பின்னும், இடமும் வலமும் எண்ணிப் பாருங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள்.

கேள்வி: சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. இரண்டையும் ஒரே பி.டி.யு.வில் (ரேக்கில் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிளக் பட்டை) செருகலாமா?

பதில்: செருகினால் ஓடும். அந்த பி.டி.யு. போனால் எல்லாம் போகும். தனித்தனி லைனில் வரும் இரண்டு பி.டி.யு.க்களில் கொடுங்கள். இங்கே பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: ஒரு லைன் போனால் மொத்தச் சுமையும் மற்றதன் தலையில் விழும். அதனால் ஒவ்வொன்றிலும் பாதிக்கும் குறைவாகவே ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது பிரேக்கரும் டிரிப் ஆகும். ரேக்குக்கு எர்த் கொடுத்த பிறகே மின்சாரம்.

கேள்வி: மீதி இடத்தைக் காலியாக விடலாமா?

பதில்: பிளாங்கிங் பேனல், அதாவது காலி இடத்தை மூடும் தகடு, போட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வரும் சூடான காற்று அந்த வழியாக முன்னால் திரும்பி வரும்.

கேள்வி: வெளியே இழுத்த சர்வர் திரும்ப உள்ளே போக மறுக்கிறதே?

பதில்: ரெயில் லாக் ஆகியிருக்கிறது. இரு பக்கத்து லாட்ச்சையும் ஒன்றாக விடுவித்து மெதுவாகத் தள்ளுங்கள். லாட்ச் விட்டதும் விரலை எடுத்துவிடுங்கள், ரெயில் நசுக்கிவிடும். கேபிள் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் ஒருவர் பார்த்துக்கொண்டால் நல்லது.